22 அடிக்குள் ஒரு மழுங்கல் மூக்கு: முகத்துவாரத்தில் கட்டிய பாய்ப்படகு

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவருக்குச் சின்னதாக ஒரு பாய்ப்படகு வேண்டும். 22 அடி நீளம், 8 அடி அகலம், உள்ளே இரண்டு பேர் படுக்க இடம். லொறியில் ஏற்றி ஒரு பருவத்தில் பொல்கொட ஏரிக்கும் இன்னொரு பருவத்தில் கற்பிட்டிக்கும் கொண்டுபோக வேண்டும். மனம் வந்தால் கடலோரமாக நீர்கொழும்பு வரை ஓட வேண்டும். கட்டப்போகிறவர் கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பிடிப் பைபர் படகு செய்யும் ஓர் அண்ணை. அவருடைய தகப்பனார் வல்வெட்டித்துறையில் மரக்கலம் கட்டிய ஓடாவி. வரைபடம் என் பொறுப்பு.

இதுவரை வழமையான வேலைதான். பிறகு எஞ்சினியர் ஐயா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பிரான்ஸில் கட்டிய 6.5 மீட்டர் பந்தயப் படகு. முன்பக்கம் கூராக இல்லை. அகலமாக, உருண்டு, யாரோ மூக்கை வாளால் அறுத்து எடுத்தது போல இருந்தது. "எனக்கு இந்த மூக்குத்தான் வேணும்" என்றார்.

அண்ணை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கியும் பார்த்தார். "தம்பி, இது காரைநகர்ப் பாதை மாதிரியெல்லோ இருக்கு. இதைக் கடலுக்குள்ள கொண்டுபோய் என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இறக்கும் தட்டை மிதவையைத்தான் சொல்கிறார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது. அதைக் கட்டியவர்களின் வழியில் வந்தவரிடம் மூக்கில்லாத படகைக் கொடுத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

ஐயா ஆசைப்பட்டதும் அண்ணை மறுத்ததும் தோற்றத்தை வைத்துத்தான். ஆனால் 22 அடிக்கு மேல் போக முடியாது என்று யார் சொன்னது? யாருமில்லை. கொட்டிலின் நீளம் சொன்னது. அண்ணையின் கொட்டிலுக்குள் 22 அடிப் படகை வைத்தால் கிரைண்டரோடு ஒரு ஆள் சுற்றி வர இடமிருக்கும். அதற்கு மேல் என்றால் சுவரை உடைக்க வேண்டும். மழுங்கல் மூக்கின் வரலாறு முழுவதும் இப்படி ஒரு சுவரின் முன்னால்தான் நடந்திருக்கிறது.

நீளத்துக்கு வரம்பு வந்த இடமெல்லாம்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட அமெரிக்காவில் பந்தயப் படகுகளை அளந்த முறையில் நீர்க்கோட்டு நீளம் முக்கியமானது. அதாவது படகு நிமிர்ந்து நிற்கும்போது தண்ணீரைத் தொடுகிற நீளம். வடிவமைப்பாளர்கள் விதியைப் படித்தார்கள், சிரித்தார்கள், வேலையைத் தொடங்கினார்கள். நிமிர்ந்து நிற்கும்போது குட்டை, சாய்ந்தால் நீளம். முன்னும் பின்னும் தட்டையாக நீட்டிவிட்ட பகுதிகள் அளவெடுக்கும் நேரத்தில் தண்ணீருக்கு மேலே நிற்கும். பந்தயத்தில் படகு சாய்ந்ததும் அவை தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்யும். மொன்றியலைச் சேர்ந்த ஹெரிக் டகன் 1898இல் சீவான்ஹாகா கிண்ணம் என்ற பாய்ப்படகுப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த 'டொமினியன்' இந்தத் தந்திரத்தை எல்லைக்கே கொண்டுபோனது. அதன் அடிப்பாகம் நடுவில் உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்திருந்தது. சாய்ந்தால் ஒல்லியான ஒரு பக்கம் மட்டும் தண்ணீரில் ஓடும். தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பெரிய சண்டையே நடந்தது.

1903இல் அமெரிக்கக் கிண்ணத்தை வென்ற 'ரிலையன்ஸ்' அதே விதியின் பெரிய பிள்ளை. நீர்க்கோட்டில் 90 அடி, உடலின் முழு நீளம் ஏறக்குறைய 144 அடி. அதை வரைந்த நதானியேல் ஹெரிஷோஃப்தான் அடுத்து வந்த 'யுனிவர்சல்' விதியையும் எழுதினார். முனைகள் பருத்த படகுக்கு நீளக் கணக்கில் தண்டனை விழும்படி அந்த விதி அமைந்தது. ஓட்டையைப் பயன்படுத்தியவரே அதை அடைக்கவும் செய்தார். இதில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு. அதன் பிறகு கடற்பந்தயங்களில் கூர்மூக்கே எழுதாத சட்டமாகிவிட்டது. மழுங்கல் மூக்கு அமெரிக்காவின் உள்நாட்டு ஏரிகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. அங்கே அதற்கு 'ஸ்கௌ' என்று பெயர். விஸ்கொன்சின் பக்கத்தில் 28 அடி 'ஈ ஸ்கௌ', 38 அடி 'ஏ ஸ்கௌ' என்று இன்றும் அவை வேகமாகத்தான் ஓடுகின்றன. ஆனால் கடற்காரர்கள் அதை ஏரி விளையாட்டாகவே பார்த்தார்கள்.

நம்முடைய பிள்ளைகள் பாய் பழகும் ஒப்டிமிஸ்ட் படகும் இதே கதைதான். 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது. வீட்டில் தகப்பனும் பிள்ளையும் இரண்டு பிளைவுட் பலகைகளில் கட்டி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலகையின் நீளம் 8 அடி. அதற்குள் கூர்மூக்கு வைத்தால் உட்கார இடம் மிஞ்சாது. எனவே முன்பக்கம் நேராக வெட்டப்பட்டது. 2.36 மீட்டர், 35 கிலோ. உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் முதலில் ஓட்டிய படகு மூக்கில்லாத படகுதான். இதைச் சொன்னபோது அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

நீர்கொழும்புப் பக்கம் கரைவலைக்குப் போகும் பாருவ வேறு வகை. அதற்கும் மழுங்கல் முனைதான். ஆனால் காரணம் வேறு: தட்டை அடியோடு மணலில் ஏற வேண்டும், பெரிய வலையைச் சுமக்க வேண்டும். வேகம் அங்கே பேச்சே இல்லை. அதை எங்கள் வழக்குக்குச் சாட்சியாக எடுக்கவில்லை.

மக்னம்

எஞ்சினியர் ஐயா காட்டிய படத்தின் மூலம் மினி 6.50 வகுப்பு. 6.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். இந்தப் பெட்டிக்குள் அடங்கினால், தனித்தனியாக வரைந்து கட்டும் படகுகளுக்கான முன்மாதிரிப் பிரிவில் மற்றதெல்லாம் பெரும்பாலும் உங்கள் விருப்பம். இந்தக் குட்டிப் படகில் தனியொருவராக அத்லாந்திக்கைக் கடக்கும் பந்தயம் 1977இல் தொடங்கியது. நீளமும் அகலமும் கட்டப்பட்ட பிறகு வடிவமைப்பாளருக்கு மிஞ்சுவது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம். கூர்மூக்கு வைத்த படகில் பெட்டியின் முன்மூலைகள் இரண்டும் காலியாகக் கிடக்கும். முப்பது வருடத்துக்கு மேலாக அவற்றை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை.

டேவிட் ரெசோன் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் அவற்றை நிரப்பினார். 'மக்னம்' என்று பெயர், பாயில் எண் 747. படகுத்துறையில் மற்றப் படகுகளுக்குப் பக்கத்தில் நின்றபோது பலர் கேலி செய்தார்கள். 2011இல் லா ரோஷெல்லில் இருந்து மதேரா வழியாகப் பிரேசிலின் சல்வடோர் வரை, 4,000 கடல் மைலுக்கு மேற்பட்ட தூரத்தை அவரே ஓட்டி, முன்மாதிரிப் பிரிவில் முதலாவதாக வந்தார்.

ஒரு வெற்றி எதையும் நிரூபிக்காது. வரைந்தவரே ஓட்டினார், அவர் நல்ல ஓட்டி, அந்த வருடக் காற்றும் தோதாக அமைந்திருக்கலாம். 2013இல் அதே படகை இத்தாலியரான ஜியான்கார்லோ பெதோத்தே ஓட்டினார். இரண்டாவதாகத்தான் வந்தார். வென்ற பெனுவா மரி ஓட்டியது கூர்மூக்குப் படகு, அதுவும் சில மணி நேர இடைவெளியில். மழுங்கல் மூக்குக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தந்தது அடுத்த கட்டம். ரெசோன் வரைந்த இன்னொரு படகு, எண் 865. அதை 2017இல் இயான் லிபின்ஸ்கி ஓட்டி வென்றார். 2019இல் பிரான்சுவா ஜம்பூ ஓட்டி வென்றார். ஒரே ஹல், அதாவது ஒரே படகுடல், இரண்டு வேறு ஆட்கள், இரண்டு வேறு வருடக் காற்று. இதற்கு மேல் ஓட்டியின் திறமை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. லிபின்ஸ்கி அதே வடிவமைப்பாளரிடம் 40 அடி வகுப்புக்கும் ஒரு மழுங்கல் மூக்குப் படகை வாங்கி, 2019இல் ஏட்ரியன் ஆர்டியோடு ஜாக் வாப்ர் என்ற அத்லாந்திக் பந்தயத்தில் தன் வகுப்பில் முதலாவதாக வந்தார். இன்று அந்த வகுப்பில் மூக்கு எவ்வளவு பருக்கலாம் என்பதற்கே விதி வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொடும்வரை எல்லோரும் மூக்கைப் பருக்கவைக்கிறார்கள். 40 அடிப் படகில் ஒரு நாளைக்கு 400 கடல் மைலுக்கு மேல் ஓடியும் காட்டியிருக்கிறார்கள்.

தாளிலும் தொட்டியிலும்

அண்ணைக்குப் பந்தயப் பெயர்கள் ஒன்றும் உதவவில்லை. "அவை ஓடினது இருக்கட்டும், ஏன் ஓடுது எண்டு சொல்லு" என்றார். சரியான கேள்வி.

படகு கவிழாமல் நிற்பதற்கு இரண்டு வழி. அடியில் பாரம், அல்லது அகலம். அகலத்தால் வரும் நிலைப்பு, ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் அகலம் × அகலம் × அகலம் என்ற கணக்கில் கூடுகிறது. அதனால் முன்பக்கத்தில் கொஞ்சம் அகலம் கூடினாலும் கணக்கு பெரிதாக மாறும். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒரே நீளமும் ஒரே உச்ச அகலமும் உள்ள நீள்சதுரத்தின் நிலைப்பை 1 என்று வைத்தால், நேர்க்கோடுகளால் ஆன முக்கோணத்துக்கு 0.25தான் வரும். பக்கங்கள் அழகாக வளைந்து வரும் கூர்மூக்குக்கு ஏறக்குறைய 0.46. முன்பக்கம் 40 சதவீதத்தை உருட்டி, மீதியை முழு அகலத்தில் விட்டால் 0.84. இவை நீர்ப்பரப்பின் வெறும் கேத்திரகணித எண்கள். உண்மையான ஹல் இவ்வளவு முழுதாகத் தண்ணீரில் உட்காராது. ஆனாலும் எந்தப் பக்கம் சாதகம் என்பது தெரியும். நிலைப்புக் கூடினால் பெரிய பாய் தாங்கும். பெரிய பாய் தாங்கினால் வேகம் வரும்.

ஆனால் அதுவும் பாதிக் கதைதான். மீதிப் பாதி, சாய்ந்த பிறகு நடப்பது. இதை வாயால் விளங்கப்படுத்த முடியாமல் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் இரண்டு மாதிரி வெட்டினோம். இரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே எடை. ஒன்று கூர்மூக்கு, மற்றது உருண்டை மூக்கு. நிமிர்ந்து மிதக்கும்போது தண்ணீர் தொடும் இடத்தில் இரண்டிலும் மார்க்கரால் கோடு போட்டோம். கொட்டிலுக்குப் பின்னால் அவுட்போர்ட் எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் சீமெந்துத் தொட்டி இருக்கிறது. அதில் மிதக்கவிட்டு, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை ஒரு பக்க ஓரத்தில் வரிசையாக வைத்தோம்.

கூர்மூக்கு மாதிரி சாய்ந்ததும் அதன் பருத்த பின்புறம் மிதந்து எழும்பியது. பின்புறம் எழும்ப மூக்கு இறங்கியது. மார்க்கர் கோடு முன்னால் தண்ணீருக்குள் மறைந்து, பின்னால் விரலளவு வெளியே வந்தது. மேலே இருந்து பார்த்தால் தண்ணீரில் நனைந்திருக்கும் உருவம் படகின் நடுக்கோட்டோடு ஒத்துப்போகவில்லை, கோணலாகக் கிடந்தது. அண்ணை ஒரு விரலால் பின்னாலிருந்து தள்ளினார். நேரே போகாமல் வளைந்து போய்த் தொட்டிச் சுவரில் இடித்தது. கடலில் இதே படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்த சுக்கான் ஒரு தடைதான்.

உருண்டை மூக்கு மாதிரி சாய்ந்தபோது முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இறங்கியது. நனைந்த உருவம் ஒல்லியாக, நீளமாக, நடுக்கோட்டுக்கு இணையாக இருந்தது. மற்றப் பக்கம் முழுவதும் வெளியே. இரட்டை உடல் உள்ள கட்டமரன் படகின் ஒரு கால் மட்டும் தண்ணீரில் நிற்பது போன்ற நிலை. விரலால் தள்ளியதும் நேரே போனது. அண்ணை இரண்டையும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தார். கொட்டிலில் வேலை செய்யும் பொடியன்களும் வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் தொட்டியில் வேறு வேலை நடக்கவில்லை.

அப்புறம் அண்ணை ஒரு பலகையை எடுத்துத் தொட்டியின் ஒரு முனையில் தண்ணீரை அடிக்கத் தொடங்கினார். மாதிரிகளில் நூல் கட்டி அந்தக் குட்டை அலைகளுக்கு எதிரே இழுத்தோம். கூர்மூக்கு வெட்டிக்கொண்டு வந்தது. உருண்டை மூக்கு ஒவ்வொரு அலையிலும் 'டப்' என்று அறைந்து நின்று, பிறகு வந்தது. அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் "இப்ப என்ன சொல்லுறாய்?" என்று இருந்தது.

ஒன்றும் மறைக்க இல்லை. மழுங்கல் மூக்கின் விலை அதுதான். எதிர்காற்றில், படகின் நீளத்துக்குக் கிட்டிய இடைவெளியில் வரும் செங்குத்து அலையில் அது அறை வாங்கும். மெல்லிய காற்றில், நிமிர்ந்து நிற்கும்போது, நனையும் பரப்பும் கூட. ரெசோன் இதற்கு வைத்த மருந்து, மூக்கைத் தண்ணீரில் வைக்காமல் கரண்டி போல மேலே தூக்கிவிட்டது. மக்னத்தை நிறுத்தி வைத்த படங்களில் முன்பக்கம் தண்ணீருக்கு மேலே வளைந்து நிற்பது தெரியும். நிமிர்ந்தால் குட்டைப் படகு, சாய்ந்தால் நீளப் படகு. 1898இன் தந்திரமேதான். இந்த முறை ஏமாற்றுவதற்கு ஓர் அளவுவிதி இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

எந்தக் கடல், எந்தக் காற்று

அத்லாந்திக்கில் கனேரித் தீவுகளைத் தாண்டினால் வியாபாரக் காற்று பின்னாலும் பக்கத்திலும் இருந்து அடிக்கும். மினிப் பந்தயத்தின் பெரும்பகுதி அப்படித்தான். பின்காற்றில் பெரிய அலையில் இறங்கும் கூர்மூக்குப் படகுக்கு மூக்கு முன் அலைக்குள் குத்திவிடும் பயம் உண்டு. மழுங்கல் மூக்கு மிதந்து எழும்பிவிடும். ஓட்டி ஒருவரே, தூக்கமும் இல்லை என்றால் இது வேகத்தை விடப் பெரிய சௌகரியம்.

அதனால் எஞ்சினியர் ஐயாவிடம் நான் கேட்டது வடிவத்தைப் பற்றி அல்ல. "ஐயா, நீங்கள் எங்கே, எந்த மாதத்தில் ஓடுவீர்கள்?" என்றுதான். வரைபடக்காரர்கள் இதை முதலில் கேட்பதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய குறை.

பதிலைப் பிரித்துப் பார்த்தோம். பொல்கொட ஏரியில் அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் காற்றும் மெல்லியது. அங்கே மழுங்கல் மூக்குக்கு நட்டம். இரண்டு பேரும் காற்றுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்து படகை வேண்டுமென்றே சாய்த்தால் நட்டம் குறையும். விஸ்கொன்சின் ஏரிக்காரர்கள் மெல்லிய காற்றில் அதையே செய்கிறார்கள்.

கற்பிட்டிக் களப்பு நேர் எதிர். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பட்டம் கட்டித் தண்ணீரில் சறுக்கும் கைட்சர்ஃபர்கள் உலகமெல்லாம் இருந்து அங்கே வருவதன் காரணம் பலத்த காற்றும் தட்டைத் தண்ணீரும் ஒன்றாகக் கிடைப்பதுதான். மழுங்கல் மூக்குக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. களப்பு ஆழம் குறைந்தது, ஆகவே படகின் அடியில் கீழே நீட்டி நிற்கும் கீல் மேலே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அது எந்த மூக்கு வைத்தாலும் வேண்டியதே.

மூன்றாவது, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வரையிலான கடலோரம். இங்கேதான் வரைபடம் நமக்குச் சாதகமாக வந்தது. கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது. பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வருகிறது. அப்படியென்றால் போகும்போதும் பக்கக் காற்று, வரும்போதும் பக்கக் காற்று. எதிர்காற்றில் முட்டிக்கொண்டு போக வேண்டிய நேரம் குறைவு. சோளகம் பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் கடலில் 22 அடிப் பாய்ப்படகுக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில்தான் படகு கற்பிட்டிக்கு லொறி ஏறும். கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பை 1875இல் தொடங்கிப் பத்து வருடம் செலவழித்துக் கட்டியதும் இந்தச் சோளக அலைக்காகத்தான்.

ஒருவேளை ஐயா காங்கேசன்துறைக்குப் போய்ப் பாக்கு நீரிணையின் குட்டை அலையில் வாடைக்காற்றுக்கு எதிரே ஓடப் போகிறேன் என்று சொல்லியிருந்தால், படத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

தங்கிப் போகும் படகில் வரும் தொல்லைகள்

பந்தயக்காரர் ஒரு கிலோவையும் எண்ணி ஏற்றுவார். குடும்பப் படகில் அப்படி நடக்காது. தண்ணீர்ப் போத்தல், ஐஸ் பெட்டி, பெற்றோல், நங்கூரச் சங்கிலி, யாரோ கொண்டுவந்த மெத்தை. தூக்கி வைத்த மூக்கின் முழுப் பயனும் அது தூக்கியே இருப்பதில் இருக்கிறது. முன்னறையில் சாமான் நிரப்பினால் மூக்கு இறங்கி, எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். அகலமான முன்னறை என்றால் ஆட்கள் அதை நிரப்பத்தான் பார்ப்பார்கள். பிரான்ஸில் ரெசோன் வரைந்த 'ரெவொலூசியோன் 22' போன்ற குடும்பப் படகுகளின் விளம்பரமே அந்த முன்னறைதான். 22 அடிக்குள் இருவர் விரித்துப் படுக்கும் கட்டில் கூர்மூக்குப் படகில் கிடைப்பது சுலபமில்லை. எஞ்சினியர் ஐயாவுக்கும் உண்மையில் பிடித்தது வேகமா கட்டிலா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்.

அடுத்தது சத்தம். நங்கூரம் போட்டு நிற்கும்போது தட்டையான முன்பகுதியின் அடியில் சிற்றலை வந்து தட்டும். அந்தக் கட்டிலில் தலைவைத்துப் படுத்தவருக்கு அது இரவெல்லாம் கேட்கும். ஐயாவிடம் சொன்னேன். "கப்பலில் எஞ்சின் அறைக்கு மேலே படுத்தவன் நான்" என்றார். சரி, அந்தப் பேச்சு முடிந்தது.

அறை வாங்கும் இடத்தைப் பலப்படுத்த வேண்டும். அண்ணையின் பைபர் படகுகளில் முன்பக்கம் கூராக இருப்பதால் தண்ணீர் பிரிந்து போய்விடும், தட்டைப் பரப்பு இல்லை. இங்கே முன்னால் தட்டையாகக் கிடக்கும் பகுதியில் குறுக்குச் சட்டங்களின் இடைவெளியைப் பாதியாக்கினேன். வெளியே பைபர் இழைப் பாயான மெட் அடுக்கும் கூட்டினோம். கூடிய எடை மூக்கில்தான் விழுகிறது, அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

கடைசியில் கட்டியது

ஐயா காட்டிய படத்தின் அளவுக்குப் போகவில்லை. மூக்கின் அகலத்தை உச்ச அகலத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினேன். முன்பகுதியின் அடியைத் தட்டையாக விடாமல் நடுவில் மெல்லிய 'வி' வைத்தேன். நிமிர்ந்து நிற்கும்போது முதல் ஐந்தடி தண்ணீரைத் தொடாது. விலாவில் ஒரு விளிம்பு மூக்கிலிருந்து பின்புறம் வரை நேராக ஓடுகிறது. படகு சாய்ந்தால் அந்த விளிம்பில்தான் ஓடும். சுக்கான் இரண்டு, ஏனென்றால் சாயும்போது நடுச் சுக்கான் பாதி வெளியே வந்துவிடும்.

ஒரேயொரு படகுக்கு மோல்ட் செய்வது காசைக் கடலில் கொட்டுவது. ஆகவே பிளைவுட்டில் கட்டி, மேலே பைபர் போர்த்துவது என்று முடிவானது. தொல்லை மூக்கில் வந்தது. தடித்த பலகை அந்த வளைவுக்கு வராது, இரண்டு பக்கமும் வளையும் இடத்தில் வெடிக்கும். அண்ணை மெல்லிய பிளைவுட்டைக் கையகலப் பட்டிகளாக வெட்டி, ஒரு அடுக்கை ஒரு பக்கம் சரித்து, அடுத்ததை மறுபக்கம் சரித்து ஒட்டினார். ஒவ்வொரு பட்டியின் ஓரத்தையும் சீவு உளியால் சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பச் சீவி வைத்தார். இடையில் எங்காவது பசை குறைந்து வெற்றிடம் இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். பொய்ச் சத்தம் கேட்ட இடத்தில் துளை போட்டு ஊசியால் ரெசின் ஏற்றினார். மூக்கு பிடிக்காதவர் செய்த வேலையில் மூக்குத்தான் மிகவும் நேர்த்தியாக வந்தது.

படகு சாய்ந்து 22 அடியும் தண்ணீரைத் தொட்டால், அந்த நீர்க்கோட்டுக்குப் பொதுவான கணக்கில் வரும் உச்ச வேகம் 6.3 நொட், அதாவது மணிக்கு 6.3 கடல் மைல். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தன் அலையின் மேல் ஏறிச் சறுக்க வேண்டும். பொல்கொடவில் அந்தப் பேச்சுக்கே இடம் வரவில்லை. மெல்லிய காற்றில் பக்கத்தில் ஓடிய சாதாரண டிங்கிகள் எங்களைக் கடந்து போயின. சாய்த்து உட்கார்ந்தபோது சமமாக ஓடினோம், அவ்வளவுதான். கற்பிட்டியில் முதல் பலமான காற்று அடித்தபோது கதை மாறியது. படகு விளிம்பில் சாய்ந்து நின்றது, மூக்கு எழும்பியது, பின்னால் அலை தட்டையானது. ஐயா சுக்கானை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் தேநீர்க் குவளையோடு இருந்தார். இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டிய தேவை வரவில்லை. தொட்டியில் ஈயக் குண்டு வைத்துப் பார்த்தது அப்படியே வந்தது.

முகத்துவாரத்துக்கு வெளியே, களனி ஆற்றுத் தண்ணீரும் கடலும் முட்டும் இடத்தில், தொட்டியில் பலகையால் அடித்துப் பார்த்ததும் அப்படியே வந்தது. எதிரே குட்டை அலை. நல்ல அறை. பாத்திரங்கள் தட்டிலிருந்து இறங்கின. பாயைத் தளர்த்தி, கொஞ்சம் விலகிப் பக்கக் காற்றுக்கு வந்ததும் சத்தம் நின்றது. நேரே போக முடியாத இடத்தில் சுற்றிப் போக வேண்டும். நேரம் கொஞ்சம் கூடும்.

தீராமல் இருப்பது நங்கூர வேலை. கூர்மூக்கில் உருளையை முனையிலேயே வைக்கலாம். இங்கே முனையே இல்லை. நடுவில் வைத்தால் காற்றில் படகு ஆடும்போது சங்கிலி ஹல்லின் ஓரத்தை உரசுகிறது. இப்போதைக்கு ஒரு துருப்பிடிக்காத உருக்குக் குழாயை முன்னால் நீட்டி வைத்திருக்கிறோம். பார்க்க அழகாக இல்லை.

இந்த வடிவத்தில் மீன்பிடிப் படகுக்கு ஒரு மோல்ட் எடுத்தால் என்ன என்று ஐயா அண்ணையிடம் கேட்டார். இத்தனை நாள் அதன் மேல் வேலை செய்த பிறகு அவர் மனம் மாறியிருக்கும் என்று நினைத்திருப்பார். அண்ணை மாட்டேன் என்றார். "ஐயா, என்னட்டை வாங்கிறவன் விடிய மூண்டு மணிக்கு எஞ்சினைப் போட்டுக்கொண்டு அலைக்கு நேரே போறவன். அவனுக்குச் சுத்திப் போக நேரமில்லை. பாய்க்கு இது சரி. எஞ்சினுக்கு மூக்கு வேணும்."